கறுப்பு வயருக்கு என்ன வேலை?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் இருக்கும் அந்தத் தகர டின்னைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள். பிஸ்கட் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பது இரண்டு 9 வோல்ட் பேட்டரி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழுப்பு நிறப் போர்டு, அதில் எட்டுக் கால் உள்ள ஒரே ஒரு ஐசி, வால்யூம் திருகு, இரண்டு ஜாக். ஒரு ஜாக்கில் போனிலிருந்து பாட்டு வருகிறது, மற்றதில் ஹெட்போனைச் செருகுகிறோம். வீட்டில் செய்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். போர்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு செம்புத் தடத்தைக் கத்தியால் வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக வீட்டு வயரிங்கில் போடும் தடித்த கறுப்பு வயர் ஒன்றைப் பற்றவைத்திருப்பது தெரியும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இன்று நாம் பேசப்போவது பெரும்பாலும் அந்த வயரைப் பற்றித்தான். ஆனால் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

போனிலேயே பாட்டு கேட்கிறதே, நடுவில் இந்த டின் எதற்கு? முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், ஒரு காந்தம். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சவ்வு நகரும். முன்னும் பின்னும் விறுவிறுவென்று நகர்ந்தால் ஒலி. ஆக, சவ்வை நகர்த்துவது மின்னோட்டம். அந்த மின்னோட்டத்தைத் தள்ளிவிடுவது மின்னழுத்தம். மாடித் தொட்டியின் உயரம் மின்னழுத்தம் என்றால், குழாயில் கொட்டும் தண்ணீர் மின்னோட்டம். குழாய் எவ்வளவு குறுகல் என்பது மின்தடை. அதை ஓம் கணக்கில் சொல்கிறோம்.

சாதாரண ஹெட்போன்களில் நிறைய 32 ஓம் அளவில் இருக்கும். சென்ஹைசரின் ஹெச்டி 650 போன்றவை 300 ஓம். இரண்டுக்கும் 1 வோல்ட் கொடுத்துப் பார்ப்போம். 32 ஓம் சுருள் 31 மில்லிஆம்பியர் இழுக்கும். 300 ஓம் சுருளுக்கு 3 மில்லிஆம்பியர் சொச்சம் போதும். குறுகலான குழாயில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்றால் தொட்டியை உயர்த்த வேண்டும். அகலமான குழாய்க்கு உயரம் பெரிதாக வேண்டாம், ஆனால் தொட்டியில் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். போனுக்குள் இருக்கும் துக்கடா ஐசிக்கு உயரத்திலும் எல்லை உண்டு, அளவிலும் எல்லை உண்டு. நம் டின்னின் வேலை இரண்டையும் தாராளமாக்குவது. சத்தம் கூடுவது அதில் ஒரு பகுதிதான்.

இதை வீட்டில் செய்துபார்க்கும் ஆசையைப் பலருக்கு மூட்டிவிட்டவர் சூ மோய். 1990களின் இறுதியில் அவர் வெளியிட்ட சுற்றில் ஒரு பேட்டரி, ஒரு இரட்டை ஐசி, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ரெசிஸ்டர், கண்டென்சர், அவ்வளவுதான். ஆல்டாய்ட்ஸ் என்ற புதினா மிட்டாய் வரும் தகர டப்பாவில் கச்சிதமாக அடங்கியதால் அந்த டப்பாவே அதற்கு அடையாளமாகிப்போனது. சி-மோய் என்றால் இந்தத் துறையில் தெரியாதவர் இல்லை. பிறகு 2011-இல் தன் பெயரைச் சொல்லாமலேயே ஒருவர் ஆப்ஜெக்டிவ்2 என்ற சுற்றை வெளியிட்டார். காதுக்கு இனிமை, வெல்வெட் போன்ற ஒலி என்றெல்லாம் பேசாமல் ஒவ்வொன்றையும் அளந்து எண்ணில் காட்டியவர் அவர். அடுத்த ஆண்டே ஆளைக் காணோம். இன்றுவரை யாரென்று தெரியாது. எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். நம் டின்னில் இருப்பது இந்த இரண்டுக்கும் பிறந்த குழந்தை என்று சொல்லலாம்.

ஐசி எப்படிப் பெருக்குகிறது? அதை ஆப்-ஆம்ப் என்பார்கள். நமக்கு மளிகைக்கடைத் தராசு போதும். தராசுக்கு இரண்டு தட்டு. ஆப்-ஆம்புக்கு இரண்டு உள்வாசல். இரண்டு தட்டும் சமமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு எண்ணம் கிடையாது. சமமில்லை என்றால் தன் வெளிவாசல் மின்னழுத்தத்தை ஏற்றியோ இறக்கியோ சமமாக்கப் பார்க்கும். ஒரு தட்டில் போனிலிருந்து வரும் பாட்டை வைக்கிறோம். மற்றதில் வெளிவாசலில் இருந்து ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கொண்டுவந்து வைக்கிறோம். 3.9 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் இந்தப் பங்கைப் பிரித்துக் கொடுக்கின்றன. இப்போது தட்டு சமமாக வேண்டுமென்றால் வெளிவாசல் ஐந்து மடங்கு ஆடித்தான் தீர வேண்டும். நாம் தராசை ஏமாற்றி வேலை வாங்குகிறோம்.

தட்டில் இருப்பதை எங்கிருந்து அளப்பது என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்க்கிறோம் என்றால் இருவரும் ஒரே தரையில் நிற்க வேண்டும். ஒருவன் பலகை மேல் ஏறி நின்றால் கணக்கு தப்பு. சுற்றிலும் இப்படி ஒரு தரை உண்டு. அதன் பெயரே கிரவுண்ட். பூஜ்யம் வோல்ட் என்று நாம் வைத்துக்கொள்ளும் இடம் அது. இந்தத் தரையை மறந்துவிடாமல் ஓரமாக வைத்திருங்கள்.

சாமான் வாங்கச் சென்னையில் ரிச்சி தெருவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அங்கே நான் கேட்டது 4556 ஐசி. ஜப்பானின் நியூ ஜப்பான் ரேடியோ வடிவமைத்தது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று உள்ளே இரண்டு தராசு; ஒவ்வொன்றுக்கும் 70 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும் தெம்பு உள்ளது. ஆப்ஜெக்டிவ்2-இலும் ஹெட்போனைத் தள்ளுவது இதுதான். கடைக்காரர் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தார். நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 4558. அதுவும் நல்ல ஐசிதான், உள்ளூர் ஆம்ப்ளிஃபயர்களின் பாஸ்-ட்ரெபிள் போர்டுகளில் சர்வசாதாரணமாக இருப்பது. கால்களின் வரிசைகூட அச்சு அசல் அதேதான், செருகினால் பாடும். ஆனால் 2,000 ஓம் போன்ற லேசான சுமைகளுக்காகச் செய்தது. 32 ஓமைக் கொடுத்து வால்யூமைத் திருப்பினால் மேளச் சத்தம் தகரத்தில் தட்டியதுபோல் உடையும். மறுநாள் மறுபடியும் மெட்ரோ ஏறினேன். ஐசியின் முதுகில் இருக்கும் எண்ணைக் கடையிலேயே படித்துவிடுங்கள். டார்ச் எடுத்துப் போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போர்டு செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிகேட் என்ற இலவச மென்பொருளில் சுற்றை வரைந்து, எந்தத் தடம் எங்கே ஓடவேண்டும் என்று முடிவு செய்கிறோம். அதை வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்து, செம்புத் தகடு ஒட்டிய பலகை மேல் கவிழ்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் கறுப்பு மை செம்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டினால் மை மூடாத செம்பெல்லாம் கரைந்துபோகும், மைக்கு அடியில் இருப்பது தடமாக மிஞ்சும். ஃபெரிக் குளோரைடு பட்ட வேட்டியைத் திரும்பக் கட்ட முடியாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் கோப்பை அனுப்பினால் போர்டு செய்து கொடுக்கும் இடங்கள் நிறைய உண்டு. முதல் போர்டை மட்டும் கையால் செய்வது நல்லது என்பது என் கட்சி. தடம் என்பது படத்தில் வரும் கோடல்ல, செம்பு என்று கைக்குப் புரிகிறது.

இப்போது சுற்றி வந்த இடத்துக்கு வருவோம். ஹெட்போன் பின்னை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் இரண்டு அதை மூன்று உலோகத் துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு. நடுத்துண்டு வலது காதுக்கு. அடியில் நீளமாக இருக்கும் மூன்றாவது? யாரைக் கேட்டாலும் 'அது எர்த்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். நானும் அப்படித்தான் கடந்துபோனேன். போர்டு வரையும்போது இடது, வலது தடங்களை அவ்வளவு அக்கறையாக வரைந்தேன். 'எர்த்' தடத்தை மிச்சம் இருந்த சந்தில், மற்றவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல், மெல்லிசாக ஓட்டிவிட்டேன்.

இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பள்ளியில் எத்தனை முறை படித்திருந்தாலும் அது நம் மனசை விட்டுப் போவதில்லை. மின்னோட்டம் கம்பி வழியாகப் போகிறது, பல்புக்கோ ஹெட்போனுக்கோ போய்ச் சேர்கிறது, அங்கே வேலை செய்து தீர்ந்துபோகிறது என்ற நம்பிக்கைதான் அது. அடுப்பில் வைத்த விறகு மாதிரி. 'கரண்ட் செலவாகிறது' என்றுதானே பேசுகிறோம்? செலவாகிவிட்ட ஒன்றுக்குத் திரும்பிவர வழி எதற்கு? அதனால்தான் கறுப்பு வயர் நமக்கு ஒரு சம்பிரதாயமாகத் தெரிகிறது.

சைக்கிள் செயினை நினைத்துப் பார்ப்போம். நாம் மிதிக்கிறோம், பின் சக்கரம் சுற்றுகிறது. நம் கால் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது செயின். அந்தப் பலம் சாலையில் செலவாகிறது. ஆனால் செயின் செலவாகிறதா? மேல்பக்கம் போன ஒவ்வொரு கண்ணியும் கீழ்ப்பக்கம் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு கண்ணி குறைந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். மின்னோட்டமும் அப்படித்தான். ஹெட்போன் எடுத்துக்கொள்வது ஆற்றலை, மின்னோட்டத்தை அல்ல. 31 மில்லிஆம்பியர் உள்ளே போனால் 31 மில்லிஆம்பியர் வெளியே வரும், ஒன்றுகூடக் குறையாது. நுனி வழியாகப் போனது, நடுத்துண்டு வழியாகப் போனது, இரண்டும் சேர்ந்து அந்த ஒரே மூன்றாவது துண்டு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகின்றன. சம்பிரதாயம் என்று நினைத்த தடம் உண்மையில் போர்டிலேயே அதிக நெரிசல் உள்ள ரோடு.

சரி, நெரிசல் என்றால் என்ன கெட்டுவிட்டது? செம்புதானே, தாராளமாக விடுமே? இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது. போர்டில் ஒட்டியிருக்கும் செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான், தலைமுடியில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தகட்டில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தால் அதன் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு மின்தடை ஏறக்குறைய அரை மில்லிஓம். எவ்வளவு பெரிய சதுரம்? அதுதான் வேடிக்கை, எவ்வளவு பெரிதானாலும் அதே அரை மில்லிஓம்தான். நீளம் இரண்டு மடங்கானால் தடை இரண்டு மடங்காகும், அகலமும் கூடவே இரண்டு மடங்கானால் தடை பாதியாகிவிடும், கணக்கு நேராகிவிடுகிறது. ஆகவே ஒரு தடத்தின் தடையை அறிய, தரையில் டைல்ஸ் எண்ணுவதுபோல் அதில் எத்தனை சதுரம் வரிசையாக அடங்கும் என்று எண்ணினால் போதும்.

என் மெல்லிசுத் தடம் 0.4 மில்லிமீட்டர் அகலம், 60 மில்லிமீட்டர் நீளம். 150 சதுரம். 75 மில்லிஓம். அதாவது ஒரு ஓமில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு. கேட்டால் சிரிப்பு வரும். அதன் வழியாக 30 மில்லிஆம்பியர் திரும்பினால் தடத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையில் 2 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வித்தியாசம் உண்டாகிறது. பேட்டரிப் பக்கம் பூஜ்யம் என்றால் ஜாக் பக்கம் பூஜ்யம் இல்லை. தரை என்று நினைத்தது சரிவாகிவிட்டது. அதுவும் நிலையான சரிவல்ல, பாட்டுக்கு ஏற்ப ஆடும் சரிவு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. சமையலறையில் யாராவது ஒரு வாளித் தண்ணீரை விசுக்கென்று கவிழ்த்தால் குளியலறை ஜாலியில் 'குளுக்' என்று தண்ணீர் மேலே வந்து எட்டிப்பார்க்கும். குளியலறையில் யாரும் குழாயைத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே கழிவுக் குழாயைப் பகிர்வதால் வந்த வினை. குழாய் அகலமாக இருந்தால் தெரியாது. குறுகலாக இருந்தால் ஒருவர் ஊற்றியது அடுத்தவர் தரையில் தெரியும்.

என் போர்டில் நடந்ததும் இதுதான், கூடவே ஒரு படி மேலே. போனிலிருந்து வரும் பாட்டின் கிரவுண்டையும் வால்யூம் திருகின் கிரவுண்டையும் நான் இந்தத் தடத்தின் ஜாக் பக்க முனையில், கைக்கு எட்டிய இடத்தில், கோத்துவிட்டிருந்தேன். ஐந்தில் ஒரு பங்கு பிரிக்கும் ரெசிஸ்டரின் காலோ பேட்டரிப் பக்கம். தராசின் ஒரு தட்டுக்கு ஒரு தரை, இன்னொரு தட்டுக்கு வேறு தரை! இடது காதின் மின்னோட்டம் திரும்பும்போது ஜாக் பக்கத் தரை 2 மில்லிவோல்ட் எழும்புகிறது. வலது பக்கத் தராசுக்கு அது தரை என்று தெரியாது. பாட்டு வந்திருக்கிறது என்று நினைத்து அதையும் ஐந்து மடங்காகப் பெருக்கி வலது காதுக்கு அனுப்பிவிடும்.

சி-மோயிலும் இந்தத் தரைத் தகராறு உண்டு, வேறு வடிவத்தில். ஒரே பேட்டரியை வைத்துக்கொண்டு நடுவில் 4.5 வோல்ட்டைத் தரையாக்க வேண்டும். இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு கண்டென்சரும் சேர்ந்து அந்தப் பாவனைத் தரையைத் தாங்கிப் பிடிக்கின்றன. திரும்பி வரும் மின்னோட்டமெல்லாம் அந்தக் கண்டென்சர்களுக்குள் போய் வர வேண்டும். 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு போட்டால், 20 ஹெர்ட்ஸ் என்ற அடித்தொண்டை ஒலிக்கு அவை சேர்ந்து காட்டும் தடை ஏறக்குறைய 18 ஓம். ஹெட்போனே 32 ஓம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் ஹெட்போனுக்கு அந்தச் சுற்று நன்றாக ஒத்துப்போவதும், 32 ஓமுக்குக் கீழ்ஸ்தாயியில் தளர்வதும் இதனால்தான். நான் இரண்டு பேட்டரி வைத்து, அவற்றின் சந்திப்பையே தரையாக வைத்துக்கொண்டது இதைத் தவிர்க்கத்தான். பெரிய பள்ளத்தைத் தாண்டிவிட்டுச் சின்னக் குழியில் கால் இடறிய கதை.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்டுபிடிக்காமலேயே போயிருப்பேன்.

சோதனையை ஐசி இல்லாமல் தொடங்க வேண்டும். அதற்காகத்தான் ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் ஐசி பேஸ் வைக்கிறோம். காலி பேஸில் மின்சாரம் கொடுத்து மஞ்சள் மல்ட்டிமீட்டரால் 8-ஆம் காலைத் தொட்டால் பிளஸ் 9 வோல்ட், 4-ஆம் காலைத் தொட்டால் மைனஸ் 9. மாறியிருந்தால் ஐசி பிழைத்தது என்று அர்த்தம். பிறகு பேட்டரியைக் கழற்றி, ஐசியைச் செருகி, மறுபடி மாட்டி, வெளிவாசல்களான 1, 7 ஆகிய கால்களில் நேர்மின் அழுத்தம் பார்க்க வேண்டும். எனக்கு 4 மில்லிவோல்ட் காட்டியது. சில மில்லிவோல்ட் பரவாயில்லை. சில வோல்ட் காட்டினால் சவ்வு ஒரு பக்கமாக ஒதுங்கி, சுருள் சூடேறிக் கருகும். அதனால்தான் இந்தக் கட்டம்வரை ஹெட்போன் பக்கமே போகக் கூடாது. ஒரு பேட்டரியை மட்டும் வேண்டுமென்றே கழற்றியும் பார்த்தேன். ஒரு பக்கத் தாங்கல் போனதும் வெளிவாசல் சில வோல்ட் தூரம் சாய்ந்துவிட்டது. அதனால்தான் இந்த டின்னில் இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் இரட்டை ஸ்விட்ச்.

அடுத்தது ஒலிச் சோதனை. மலிவு மல்ட்டிமீட்டரின் மாறுமின் அளவுகோல் 200 வோல்ட், 750 வோல்ட் என்று வீட்டு மின்சாரத்துக்கானது; நம் மில்லிவோல்ட்டெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப்பில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டைச் செருகி, ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்தால் அதுவே நல்ல அளவுகோல். போனில் இடது பக்கம் மட்டும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஓடவிட்டேன். வலது பக்கம் ஒன்றுமே இல்லை, சவுண்ட் கார்டின் சொந்த இரைச்சலைத் தவிர. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் 50 ஹெர்ட்ஸ் உறுமல்கூடப் போய்விட்டது. அற்புதம் என்று டின்னை மூடினேன். வீட்டில் காட்டினேன், 'ம்ம்' என்றார்கள்.

இரவில் உதவாக்கரை இயர்போன் ஒன்றை மாட்டி அதே இடது ஒலியை ஓடவிட்டேன். வலது காதில் சன்னமாக, பக்கத்து அறையில் ஓடுவதுபோல், அதே ஒலி. பேட்டரியை மாற்றினேன், ஐசியை மாற்றினேன். மறுபடி சவுண்ட் கார்டில் செருகினால் சுத்தம். இயர்போனில் செருகினால் கசிவு. இயர்போனின் கேபிளுக்குள்ளேயே இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பு கம்பி இருக்கிறதே, அதுதானோ என்று அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடை, சோதித்த விதத்திலேயே இருந்தது. சவுண்ட் கார்டு வெறுமனே வேடிக்கை பார்க்கும் ஆள். அதன் தடை ஆயிரக்கணக்கான ஓம், இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லை. ஒன்றும் போகவில்லை என்றால் ஒன்றும் திரும்பவும் இல்லை. திரும்பாத இடத்தில் சரிவு ஏது? தண்ணீரே ஊற்றாமல் கழிவுக் குழாய் அடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு வெற்றுப் பின்னில் 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பற்றவைத்து, கேபிள் இல்லாத பொம்மை ஹெட்போன் ஒன்று செய்தேன். அதைச் சுமையாக மாட்டிக்கொண்டே சவுண்ட் கார்டில் பதிவு செய்தேன். இடது 100 என்றால் வலது 0.9. கேபிள் மேல் போட்ட பழி தப்பு. குற்றவாளி போர்டில் இருந்தான். மேலே போட்ட கணக்கோடு ஒத்தும் வந்தது: 2 மில்லிவோல்ட் சொச்சம் ஐந்து மடங்கானால் 11, வலது சுமையின் மறுமுனையும் அதே சரிவில் நிற்பதால் 2 கழித்தால் 9, 1 வோல்ட்டில் 9 மில்லிவோல்ட்.

மருந்து நீங்கள் பார்த்த அந்தக் கறுப்பு வயர். மெல்லிசுத் தடத்தை ஜாக் அருகே வெட்டிவிட்டு, ஜாக்கின் மூன்றாவது காலிலிருந்து இரண்டு பேட்டரியும் சந்திக்கும் இடத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஆறு சென்டிமீட்டர் நீளம். அதன் தடை ஒரு மில்லிஓம் அளவுதான். 75 இருந்த இடத்தில் 1. பாட்டின் கிரவுண்டையும் வால்யூமின் கிரவுண்டையும் தனித்தனி வயராக அதே சந்திப்புக்குக் கொண்டுபோனேன். ஆக, கனத்த மின்னோட்டம் திரும்பும் ரோடு வேறு, உயரம் அளக்கும் தரை வேறு. இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கைகோர்க்கின்றன. நட்சத்திரக் கிரவுண்ட் என்று இதற்குப் பெயர். இடது 100 என்றால் வலது இப்போது 0.03; அதில் பெரும்பகுதி ஜாக்கின் தொடுகையிலும் ஈயப் பற்றுகளிலும் மிஞ்சியது. இத்தனைக்கும் ஐசியை மாற்றவில்லை, உயர்தரக் கண்டென்சர் வாங்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் 'எந்த ஐசி போட்டிருக்கிறீர்கள்' என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். 'திரும்பும் தடம் எவ்வளவு அகலம்' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பொம்மை ஹெட்போன் செய்துவிட்டால் இன்னொரு அளவும் இலவசமாகக் கிடைக்கும். தொட்டியை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் அதிலிருந்து வெளிவரும் குழாய் குறுகலாக இருந்தால் பயனில்லை அல்லவா? ஆம்ப்ளிஃபயரின் அந்தச் சொந்தக் குறுகலை வெளித்தடை என்பார்கள். சுமை இல்லாமல் 1 வோல்ட் வருமாறு வைத்துக்கொண்டு 33 ஓமை மாட்டுங்கள். அளவு 0.985-க்கு இறங்கினால், 1-ஐ 0.985-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் அரை ஓம். இது சின்னதாக இருப்பது ஏன் நல்லது என்றால், ஹெட்போனின் 32 ஓம் என்பது சராசரிப் பேச்சு. உண்மையில் ஒலியின் ஸ்தாயிக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் குறுகல் பெரிதாக இருந்தால் ஹெட்போன் எங்கே அதிகம் இழுக்கிறதோ அங்கே சத்தம் அமுங்கி, பாட்டின் நிறமே மாறிவிடும்.

இரண்டாவது போர்டு ஒன்றும் செய்தேன். அதில் திரும்பும் தடம் 5 மில்லிமீட்டர் அகலம், வெட்டு இல்லை, வயர் இல்லை, பார்க்க லட்சணமாக இருக்கும். அது தம்பி வீட்டில் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

டீ முடிந்ததா? இந்தாருங்கள், இதை மாட்டிக்கொள்ளுங்கள். காதை முழுதாக மூடும் வகை இது. இரண்டு பக்கமும் தனித்தனிக் கம்பி, பின்னில் வந்துதான் சேர்கின்றன. இடது பக்கம் மட்டும் ஓடுகிறது. வலது காதில் என்ன கேட்கிறது, சொல்லுங்கள். கீழே போகும் பழைய பேப்பர்க்காரர் குரல்தானே?